ஏழாவது வரிசை நட்சத்திரம்

அத்தியாயம் பதினொன்று

"மேம், நான் எழுதினது தப்புன்னு எனக்கு எப்ப தெரியும்?"

சபீஹா கல்லூரி வேலையில் சேர்ந்த முதல் வருடம் அது. புள்ளியியல் தேர்வு முடிந்த மத்தியானம், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்தோணிசாமி என்ற மாணவன் அவளிடம் இப்படிக் கேட்டான்.

"பேப்பர் திருத்திக் கொடுத்ததும் தெரியும்பா."

"அது ஒரு மாசம் ஆகும் மேம். அதுக்குள்ள அந்தத் தப்பு எனக்குப் பழகிடும்."

சொல்லிவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். படிப்பை முடித்து, எங்கேயோ வேலைக்கும் போய்விட்டான். அவன் கேள்வி மட்டும் சபீஹாவை விட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வருடம் புதன்கிழமைக் கார்டுகள் வந்தன.

பி.காம். இரண்டாம் வருடத்துக்குப் புதன்தோறும் ஒரு சின்னத் தேர்வு. முதலில் எல்லோரும் தனித்தனியாக எழுத வேண்டும். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அதே கேள்விகளை ஐந்தைந்து பேராக உட்கார்ந்து மறுபடி போடச் சொல்வாள். குழுவுக்கு ஒரு கார்டு. கேள்விக்கு ஒரு வரிசை. வரிசைக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு வெள்ளிக் கட்டங்கள். பேசி முடிவு செய்து, ஒரு கட்டத்தைக் காசால் சுரண்ட வேண்டும். சரியான விடை என்றால் அடியில் நட்சத்திரம்; நான்கு மார்க். வெறும் அட்டை தெரிந்தால் மறுபடி பேசு, மறுபடி சுரண்டு. இரண்டாவதில் கிடைத்தால் இரண்டு மார்க், மூன்றாவதில் ஒன்று.

தப்பு பழகுவதற்கு நேரமே கிடையாது. அங்கேயே, அப்போதே பல்லைக் காட்டிவிடும்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. புதன்கிழமை மட்டும் யாரும் மட்டம் போடுவதில்லை. ஆனால் சத்தம்! "மேடம், அது கிளாஸா, மார்க்கெட்டா?" என்று பக்கத்து வகுப்பு ஸ்ரீநிவாசராகவன் சார் இரண்டு முறை எட்டிப் பார்த்துக் கேட்டாயிற்று.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பிரின்சிபால் கைக்கு எழுத்தில் ஒரு புகார் போனதே, அதுதான் போன வாரம் சபீஹாவின் தூக்கத்தைக் கெடுத்தது. புகார் கொடுத்தவள் வேறு யாரும் இல்லை. நிகத். கணவன் ஷாகுலின் கூடப்பிறந்த அக்கா.

குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நிகத். வீட்டுக்காரர் ரியாத்தில் இருக்கிறார். ஒரே மகள் சோயா, சபீஹாவின் வகுப்பில்தான் படிக்கிறாள், வகுப்பிலேயே முதல். தனியாக எழுதினால் சோயாவை யாரும் தொட முடியாது. குழுவாக உட்கார்ந்தால் மார்க் இறங்குகிறது.

"என் பொண்ணு ரேங்க் வாங்கறதுக்கு நான் அவ ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து கூட உட்கார்ந்திருக்கேன். அவ மார்க்கை எடுத்து நீ ஊருக்குப் பந்தி வைக்கிறியா?" என்று வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவள், அப்புறம் சபீஹாவோடு பேசவில்லை.

குழந்தை பிறந்த பிறகு வீட்டோடு இருந்த சபீஹாவை, "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு அடுப்புக்கு என்ன கணக்குச் சொல்லித் தரப்போறே, போடி வேலைக்கு" என்று பிடித்துத் தள்ளியவளும் இதே நிகத்தான். அதனால்தான் அந்தப் புகார் அவ்வளவு வலித்தது.

பிரின்சிபால் சத்யநாராயணன் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "புதன்கிழமை நானே வந்து உட்கார்றேன். அவங்களையும் வரச் சொல்லியிருக்கேன். சரிப்பட்டு வரலைன்னா அன்னிக்கோட கார்டை நிறுத்திடுங்க. செகண்ட் இயரை வேற யாருக்காவது மாத்திடறேன்."

அந்தப் புதன்கிழமை விடிந்துவிட்டது.

*

மேற்குத் தாம்பரத்தில் மாடியில் வீடு, கீழே அச்சகம். ஷாகுல் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன். முந்தின நாள் சாயங்காலம், சபீஹா கல்லூரியிலிருந்து வருவதற்குள், வீடே கூடத்தில் உட்கார்ந்து கார்டுகளில் வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியது. ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி கூப்பனுக்கு வாங்கி மிஞ்சிய ஸ்டிக்கர். அட்டையும் மிச்ச அட்டைதான்; ஓரத்தில் தங்க ஜரிகை போட்ட கல்யாண அட்டை.

"இந்தா உன் லாட்டரி" என்று காலையில் ஷாகுல் கார்டுக் கட்டை நீட்டினான்.

"லாட்டரின்னு சொல்லாதீங்க. அக்கா காதுல விழுந்தா அதையும் புகார்ல சேர்த்துடுவாங்க." சபீஹா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். "ஆறு வரிசைக்குத்தான் நான் புரூஃப் பார்த்தேன். அப்புறம் போன்ல ஏழாவது கேள்வி ஒண்ணு அனுப்பினேனே?"

"சேர்த்தாச்சு. ஆம்பூர் பார்ட்டியோட உருதுப் பத்திரிகை கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டிருந்தது. அதே கையோட உன் ஏழாவது வரிசையையும் அதுலயே போட்டு, எடுத்து ஒட்டிட்டேன்."

"சரி பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்கறது? மேல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. சுரண்டிப் பார்த்தா கார்டு போச்சு."

அதுவும் சரிதான். சபீஹா கட்டைப் பைக்குள் வைத்தாள்.

"சபீ, நான் யார் பக்கம்னு அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"மெஷின் பக்கம்னு சொல்லுங்க" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பெருங்களத்தூர் தாண்டுகிறவரை அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் துணை.

*

வகுப்பின் கடைசி பெஞ்சில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் நிகத். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். சட்டைப் பையில் சொருகுவதுபோல, கைப்பையின் வாயில் சிவப்புப் பேனா ஒன்றைச் சொருகியிருந்தாள். சபீஹா சலாம் சொன்னதற்குத் தலை மட்டும் அசைந்தது.

தனித் தேர்வு முடிந்தது. சபீஹா குழுக்களுக்குக் கார்டு கொடுத்தாள். பிறகு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் அங்கேயும் இரண்டு கார்டு வைத்தாள், கூடவே கேள்வித்தாளும்.

"எனக்கு எதுக்கும்மா? நான் கெமிஸ்ட்ரி" என்றார் பிரின்சிபால்.

"சும்மா உட்கார்ந்தா போரடிக்கும் சார்."

நிகத் கார்டைத் தொடவில்லை.

"மேம், யாருக்குக் கல்யாணம்? மொய் எழுதணுமா?" என்று ஜரிகை ஓரத்தைத் தடவிக்கொண்டே கேட்டான் சிட்டிபாபு. வகுப்பு சிரித்தது. பிரின்சிபால் சிரிக்கவில்லை. 

சிட்டிபாபு, சோயா குழுவில் இருப்பவன். திருநீர்மலையிலிருந்து வரும் பட்டுவும் அதே குழு. பட்டு பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே பாதிதான் கேட்கும். அந்தக் குழுவில் காசு எப்போதும் சோயா கையில்தான். அவள் சுரண்டுவாள், மற்றவர்கள் பார்ப்பார்கள். முதல் இரண்டு கேள்வியும் அப்படித்தான் போயின. நட்சத்திரம், நட்சத்திரம்.

மூன்றாவது கேள்வி: எல்லா எண்களோடும் ஐந்தைக் கூட்டினால், பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் உள்ள இடைவெளி என்ன ஆகும்?

"அஞ்சு கூடும். ஏ" என்று சோயா காசை வைத்தாள்.

"இல்ல..." என்றாள் பட்டு.

சோயா கண்ணை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சுரண்டிவிட்டாள்.

வெறும் அட்டை.

"இன்னாடா இது, ஒண்ணியும் காணோம்!" என்றான் சிட்டிபாபு. "டாப்பரே, கவுத்துட்டியே! பட்டு, நீ இன்னாமோ சொல்ல வந்தியே, இன்னாது அது?"

"எல்லாரும் அஞ்சடி முன்னால நடந்தா, முன்னால இருக்கறவனும் அஞ்சடி போவான், கடைசி ஆளும் அஞ்சடி போவான். நடுவுல இருக்கற தூரம் அப்படியேதானே இருக்கும்?"

சோயாவின் முகம் சிவந்தது.  காசைப் பட்டுவின் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சுரண்டு."

பட்டு சுரண்டினாள். நட்சத்திரம் வந்தது. சிட்டிபாபு விசிலடித்தான். அதற்கப்புறம் அந்தக் குழுவில் காசு சுற்றி வந்தது. நான்கு, ஐந்து, ஆறு, மூன்றுமே முதல் சுரண்டலில் விழுந்தன. சோயா முன்னால் சாய்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, "ஏன்? ஏன் அப்படிச் சொல்றே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் சபீஹா இப்படி ஒரு சோயாவைப் பார்த்ததே இல்லை.

வகுப்பு நல்ல சூட்டில் இருந்தது. ஏழாவது கேள்விக்கு வந்தார்கள்.

அந்தக் கேள்வி ஊர்க் கதை. பண்டிகைக்கு முந்தின நாள் ஐந்து பேர் கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போக எடுத்த நிமிடங்கள்: 15, 20, 25, 30, 160. கடைசி ஆள் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டவன். சாதாரணமாக வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல எந்த அளவு பொருத்தம்? ஏ, சராசரி. பி, மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பது. சி, மோட், அதாவது அதிக தடவை வருவது. டி, பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள இடைவெளி.

விடை பி. இதில் சந்தேகமே கிடையாது.

முதல் குழுவிலிருந்து, "ஐயோ!" என்று சத்தம். அடுத்த குழுவிலும். சபீஹா போய்ப் பார்த்தாள். பி சுரண்டப்பட்டு, வெறுமையாக இருந்தது. பையன் பக்கத்துக் கட்டத்தைச் சுரண்டினான். சி. நட்சத்திரம்.

"மோட்டாம்டா. எழுதிக்கோ, எழுதிக்கோ. எக்ஸாம்ல வரும்."

காலையில் ஷாகுல் சொன்னது சபீஹாவுக்குச் சட்டென்று புரிந்தது. உருதுப் பத்திரிகை. வலமிருந்து இடம். ஷாகுல் ஏழாவது வரிசையை அதே கையோடு போட்டிருக்கிறான். தலைப்பில் ஏ, பி, சி, டி இடமிருந்து நிற்க, அந்த ஒரு வரிசை மட்டும் வலமிருந்து எண்ணி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது கட்டத்து நட்சத்திரம் மூன்றாவதற்குப் போய்விட்டது. எல்லாக் கார்டிலும்.

பிள்ளைகள் பேனாவை எடுத்து 'மோட்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தப்பு அவள் கண் முன்னாலேயே பழகத் தொடங்கிவிட்டது.

பின்னால் பிரின்சிபால். அவர் கெமிஸ்ட்ரி. பேசாமல் இருந்துவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. நிகத் கார்டைத் தொட்டதாகவே தெரியவில்லை. நாளைக்கு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். இன்றைக்குச் சொன்னால்? கேள்விக்கான விடையையே தப்பாக அச்சடித்துக்கொண்டு வரும் டீச்சர் என்று இதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோயா குழுவில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஸ்டார் வந்தாச்சுல்ல? முடிஞ்சுது. மோட்னு எழுது" என்றாள் சோயா.

"மோட் எங்க இருக்கு?" என்றாள் பட்டு. இந்த முறை நன்றாகவே கேட்டது. "ஒரே நம்பர் திரும்ப வந்தாதானே மோட்? இதுல எதுவும் திரும்ப வரலையே."

"கார்டுல தப்பு இருக்காது. மாமி... மேம் போட்டது."

"மூணாவதுல நீ போட்டதும் தப்பா இருக்காதுன்னுதான் நாங்க நெனச்சோம்."

சிட்டிபாபு, "அடி தூள்!" என்றான்.

சோயா கேள்வித்தாளை மறுபடி படித்தாள். எண்களின் மேல் விரலை ஓட்டினாள். மாமியைப் பார்த்தாள், பின்பெஞ்சில் அம்மாவைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து விடை என்று அச்சடித்து வந்த எதையும் எதிர்த்துப் பழக்கமில்லாத பெண். எழுந்து நின்றாள்.

"மேம், நாங்க தப்பு பண்ணலை. கார்டுதான் தப்பு."

மற்றக் குழுக்களும் தங்கள் கார்டைத் திருப்பிப் பார்த்தன.

"அதெப்படிம்மா?" என்று பின்னாலிருந்து பிரின்சிபாலின் குரல் வந்தது. "ஸ்டார் சி-யிலதானே இருக்கு? அப்ப அதுதானே விடை? நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

எல்லாத் தலையும் சபீஹா பக்கம் திரும்பியது. நிகத்தின் தலையும்.

அந்தோணிசாமி பஸ்ஸுக்கு ஓடியது ஏனோ ஞாபகம் வந்தது. சபீஹா கரும்பலகை ஓரமாகப் போய் நின்றாள்.

"அவங்க சொல்றது சரி சார். கார்டுல தப்பு. பார்க்காம எடுத்துட்டு வந்தது நான்." வகுப்பின் பக்கம் திரும்பினாள். "ஆனா நான் சொல்றேன்னு யாரும் ஒத்துக்க வேண்டாம். ஏன் தப்புன்னு அவங்களே சொல்லட்டும். பட்டு, முன்னால வாம்மா."

பட்டு வந்தாள். துப்பட்டாவை ஒருமுறை முறுக்கினாள். பிறகு ஐந்து பேரை முன்னால் கூப்பிட்டு, ஆளுக்கொரு தாளில் 15, 20, 25, 30, 160 என்று எழுதிக் கொடுத்து வரிசையாக நிறுத்தினாள். 160 சிட்டிபாபுவுக்கு.

"நான் இன்னும் பெருங்களத்தூர்லதான் நிக்கிறேன் சார், வண்டி நவுரவே மாட்டேங்குது!" என்றான் அவன். பிரின்சிபால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுல யாராவது ரெண்டு பேர் கையில ஒரே நம்பர் இருக்கா?" என்று பட்டு வகுப்பைக் கேட்டாள்.

"இல்லை!"

"அப்ப மோட் கிடையாது. சராசரி போட்டா அம்பது வருது. அம்பது நிமிஷத்துல வீட்டுக்குப் போனது யாரு?"

"யாருமில்லை!"

"சிட்டிபாபு ஒருத்தன் மாட்டிக்கிட்டதால எல்லாரோட கணக்கும் கெட்டுப்போச்சு. நடுவுல நிக்கிறது யாரு?"

"இருபத்தஞ்சு!" என்று வகுப்பு கத்தியது. பக்கத்து வகுப்பில் ஸ்ரீநிவாசராகவன் சாரின் குரல் நின்றுபோனது.

"அதான் மீடியன். பி" என்றாள் பட்டு. அத்தனை முகங்களையும் அப்போதுதான் கவனித்தவள்போல, சட்டென்று தன் இடத்துக்கு ஓடினாள். சோயா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கைதட்டல் சுவரில் மோதித் திரும்பியது. எல்லோரும் 'மோட்' என்று எழுதியதை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு எப்படி வந்தது என்று சபீஹா சொன்னாள். உருதுப் பத்திரிகைக் கதையைக் கேட்டு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "மேம், அப்ப நாங்க எல்லாரும் ஆம்பூர் கல்யாணத்துக்குப் பாதி தூரம் போயிட்டு வந்திருக்கோம்!" என்றது ஒரு குரல். முதலில் பி சுரண்டியவர்களுக்கு முழு மார்க் என்றதும் மறுபடி ஆரவாரம்.

பிரின்சிபால் எழுந்து வந்தார். அவர் கையில் கார்டு. சட்டையெல்லாம் வெள்ளித் தூள். மனிதர் ஏழு வரிசையையும் சுரண்டியிருந்தார்.

"மேடம், விடையே தப்புன்னு ஒரு செகண்ட் இயர் கிளாஸ் எழுந்து நின்னு நிரூபிச்சு நான் பார்த்ததில்லை. சத்தம்தான்... இருக்கட்டும். புதன்கிழமை தொடரட்டும். அடுத்த வாரம் எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களையும் அனுப்பறேன். கார்டை மட்டும் வேற யாரையாவது சரி பார்க்கச் சொல்லுங்க."

சபீஹாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வகுப்புக்குத் தெரியாமல் இருக்கக் கரும்பலகையை அழிக்கத் திரும்பினாள்.

பிரின்சிபால் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும். அந்தப் புகார் எழுத்துல வந்தது. கொடுத்தவங்க அவங்களே திரும்ப வாங்கிக்கணும். இல்லைன்னா கமிட்டிக்குப் போயிடும். அப்ப நான் மட்டும் முடிவு பண்ண முடியாது."

அவர் போய்விட்டார். சபீஹா பின்பெஞ்சைப் பார்த்தாள்.

சோயா அம்மாவின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, மூணாவது கேள்வியைத் தனியா எழுதினப்பவும் நான் தப்பாத்தான் எழுதியிருக்கேன். இங்க உட்கார்ந்ததாலதான் தெரிஞ்சுது. இல்லைன்னா சரின்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்பேன்."

 நிகத் மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த வெள்ளித் தூளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, மேஜையருகில் வந்தாள்.

"அக்கா" என்றாள் சபீஹா.

நிகத் கையில் அவளுக்குக் கொடுத்த கார்டு இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள்.

முதல் ஆறு வரிசையில் ஒவ்வொரு கட்டம்தான் சுரண்டியிருந்தது; ஆறிலும் நட்சத்திரம். ஏழாவது வரிசையில் பி. வெறும் அட்டை. அதற்குமேல் அவள் சுரண்டவில்லை. சி-யின் வெள்ளி கலையாமல் இருந்தது. வெறுமையாகக் கிடந்த பி கட்டத்துக்குள், டீச்சர்கள் போடும் சிவப்பு டிக் ஒன்று.

அப்படியானால் நட்சத்திரத்தைத் தேடாமலே, கார்டு தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சோயா எழுந்து நிற்பதற்கு முன்பேகூடத் தெரிந்திருக்கலாம். பக்கத்திலேயே பிரின்சிபால். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை?

சபீஹா நிமிர்ந்தாள். நிகத் வாசலைத் தாண்டிவிட்டாள். கைப்பை அசைவது மட்டும் வராந்தாவில் தெரிந்தது, பிறகு அதுவும் படிக்கட்டில் இறங்கிவிட்டது.

படிக்கட்டின் அடியில் இடதுபக்கம் போனால் பிரின்சிபால் அறை, புகார்த் தாள் இருக்கும் இடம். வலதுபக்கம் போனால் கேட். அந்தச் செருப்புச் சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சபீஹா காதைத் தீட்டினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு அவ்வளவு சத்தமாக இருந்தது.